நடு சீட்டுக்குப் போட்ட பெல்ட்

எனக்குப் பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைப் பார்க்கப்போகும் பார்வை எனக்குத் தெரியும், என் மைத்துனரும் அப்படித்தான் பார்த்தார். நான் பொன்மலை ரயில்வே பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக எலக்ட்ரீஷியன். லைட் தானாக எரிந்தது, ஃபேன் தானாகச் சுற்றியது என்று யாராவது முகம் வெளுத்து வந்து நின்றால், "நியூட்ரல் லூஸா இருக்கும், முதல்ல அதைப் பாருங்க" என்று சொல்லி அனுப்புகிற ஆள். கோயிலுக்குப் போனால்கூட ட்யூப் லைட் ஏன் மினுக்குகிறது என்றுதான் பார்ப்பேன்.

அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன். என் மகள் யாழினி இப்போது பக்கத்து அறையில் ஹோம்வொர்க் எழுதாமல் அம்மாவை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாளே, அந்தச் சத்தம் எனக்கு இன்று கேட்கிறது என்றால் அதற்குக் காரணம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் காவிரிப் பாலத்தின் நடுவில், பட்டப்பகலில், ஒரு கரண்ட் வண்டிக்குள் நடந்த விஷயம்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள் அவள். அன்று அவளைப் பறிகொடுத்திருப்பேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்குக் குடி போனோம். என் மனைவி சுமதிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, தினம் இரண்டு பஸ் மாறிப் போய் வந்து அவள் பாதி ஆளாகிவிட்டாள், சரி நான் பைக்கில் பட்டறைக்கு வந்துகொள்கிறேன், நீ நடந்து ஸ்கூலுக்குப் போ என்று முடிவு செய்தோம். சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது.

சுமதிக்கு ராகுகாலம் பார்க்காமல் தெருமுனைக் கடைக்குப் போகக்கூட வராது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அவள் விளக்கு, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் ஆட்டோவில் போய் பத்தரைக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். அதோடு விட்டாளா, பீரோவும் பத்தரைக்குள் வாசப்படி தாண்டிவிட வேண்டுமாம்.

"பீரோவுல மகாலட்சுமி இருக்கா. அவளை ராகுகாலத்துல உள்ள கூப்பிட முடியாது."

அந்த பீரோவில் இருந்தது என் பழைய பேன்ட்டுகளும் நாலு பெட்ஷீட்டும்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, குடி போகிற அன்றைக்குப் பெண்டாட்டியிடம் வாதம் பண்ணுகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

வண்டி அன்சாரி பாயுடையது. பாலக்கரைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், பழைய டீசல் வண்டியை விற்றுவிட்டு இந்த எலக்ட்ரிக் பிக்கப்பை வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. புது மாப்பிள்ளை மாதிரி அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார். குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றபோது எங்களுக்குச் சத்தமே கேட்கவில்லை.

"வண்டியை ஸ்டார்ட்ல போட்டுக் காட்டுங்க பாய்" என்றேன்.

"ஸ்டார்ட்லதான் சார் இருக்கு" என்றார் சிரித்துக்கொண்டே.

முன்னால் மூன்று பேர் உட்காரலாம். நடு சீட்டில் இடுப்பைச் சுற்றிப் போடுகிற ஒரு பெல்ட். யாழினிக்கு அப்போது ஐந்து வயது, வண்டியைப் பார்த்ததிலிருந்து ஒரே பிடிவாதம்.

"அப்பா, நான் நடுவுல உக்காந்து வரேம்ப்பா. பெல்ட் போட்டுக்கிறேன். ஆடாம உக்காருவேன்."

எனக்கு அன்று ஆயிரம் கவலை. கட்டில் வாசலில் இடித்துக்கொண்டு நிற்கிறது, லோடு ஏற்றுகிற ஆட்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள், இவள் என் சட்டையைப் பிடித்துத் தொங்குகிறாள். என் கோபம் உங்களுக்குத் தெரியாது, வந்தால் சனியன் மாதிரி வரும். "அம்மாகூட ஆட்டோல போ. இந்த வண்டிப் பக்கம் உன்னைப் பாத்தேன், அடிதான் விழும்" என்று கத்திவிட்டேன். நான் அவளை அதுவரை அடித்ததில்லை. அவள் முகம் சுருங்கியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அடுத்து நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் வீட்டுக்குள் மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டிருந்தபோது சுமதி ஆட்டோவில் ஏறிவிட்டாள், மடியில் தண்ணீர்க் குடம், கையில் விளக்கு. குழந்தை ஏறமாட்டேன் என்று அழுதிருக்கிறாள். மணியைப் பார்த்த சுமதி, "சரி போ, அப்பாகூடவே வண்டியில வா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை எடுக்கச் சொல்லிவிட்டாள். யாழினி என்னிடம் வரவில்லை. வந்தால் அடி என்று சொன்னேனே. வண்டியின் பின்பக்கம் மெத்தை மேல் ஏறி, கேபினை ஒட்டி நிற்க வைத்திருந்த பீரோவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். அதன் கீழ்ப் பாதியில் தட்டு கிடையாது, பெட்ஷீட்டுகள்தான். உள்ளிருந்து கதவை இழுத்தும் வைத்துக்கொண்டாள்.

லோடு ஆட்கள் முன்கூட்டியே பைக்கில் ஸ்ரீரங்கம் கிளம்பிவிட்டார்கள். அன்சாரி கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்தபோது பீரோ கதவு கொஞ்சம் திறந்திருக்கவே, ஏறிப்போய்க் கைப்பிடியைத் திருகி மூடி, மேலே கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். நான் வெளியே வந்தேன். குழந்தையைக் காணோம், அம்மாவோடு போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது இருபத்தைந்துக்குக் கிளம்பினோம். இரும்பு பீரோ, அந்த வெயில், மேலே தார்ப்பாய்கூட இல்லை.

பொன்மலையை விட்டு வெளியே வந்ததும் வண்டிக்குள் டிங் டிங் என்று ஒரு சத்தம். முன்னால் சிவப்பு விளக்கு, சீட் பெல்ட் போடாத ஆள் படம். அன்சாரி பெல்ட் போட்டிருந்தார். நானும் போட்டிருந்தேன்.

"நடு சீட்ல யாரோ உக்காந்திருக்காங்கன்னு வண்டி நெனைக்குது சார்" என்றார்.

நடு சீட்டில் என் டிபன் பை இருந்தது. எடுத்து மடியில் வைத்தேன். சத்தம் நிற்கவில்லை. சீட்டைத் தட்டிப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன். சென்சார் கோளாறு என்று அவருக்கு ஒரு பாடமே எடுத்தேன். கடைசியில் எரிச்சல் தாங்காமல் காலி சீட்டைச் சுற்றி பெல்ட்டை இழுத்து மாட்டினேன். சத்தம் நின்றது. அன்சாரி சிரித்தார், நானும் சிரித்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் என் குழந்தை வெந்துகொண்டிருந்தாள், நான் சிரித்தேன்.

பாலக்கரை தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். மறுபடி டிங் டிங். பார்த்தால் பெல்ட் கழன்று கிடக்கிறது. என் முழங்கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். இந்தத் தடவை கோபத்தில் நன்றாக இழுத்து, இனிமேல் எப்படிக் கழலும் பார்க்கிறேன் என்று இறுக்கி மாட்டினேன். மணி பத்து ஆகப்போகிறது, சுமதியின் மகாலட்சுமி வேறு பின்னால் நிற்கிறாள் என்ற பதற்றம்.

காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போயிருப்போம். என் இரண்டு கையும் மடியில் டிபன் பை மேல் இருந்தது, இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். டக் என்று ஒரு சத்தம். நடு சீட்டு பெல்ட் தானாகக் கழன்று விழுந்தது. டிங் டிங் ஆரம்பித்தது. வண்டி வேகம் குறைந்து, குறைந்து, பாலத்தின் நடுவில் நின்றேவிட்டது.

"சார்ஜ் எம்பது இருக்கு சார், என்னன்னு தெரியலையே" என்றார் அன்சாரி. ஆஃப் செய்து போட்டார், மறுபடி போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. அப்போது என் போன் அடித்தது. சுமதி.

"எங்க வந்துட்டிருக்கீங்க? பாப்பா தொல்லை பண்றாளா? அவகிட்ட குடுங்க."

"பாப்பாவா? உன்கூடத்தானே வந்தா?"

"உங்ககூட வரச் சொல்லித்தானேங்க விட்டுட்டு வந்தேன்" என்றாள், அவள் குரல் அவள் குரலாகவே இல்லை.

ரயில் தண்டவாளம், தெரு, பூட்டிய வீடு எல்லாம் கண் முன்னால் வந்தது. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன், எதிரே வருகிற ஆட்டோவை மறித்துப் பொன்மலைக்கு ஓட. நான் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்போது டிங் டிங் மறுபடி கேட்டது. சாவி அன்சாரி கையில் இருந்தது, சிவப்பு விளக்குகூட எரியவில்லை. உள்ளே சின்ன பேட்டரி ஒன்று இருக்குமே என்பீர்கள், இருக்கும், நானும் எலக்ட்ரீஷியன்தான், அதை எனக்கே நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் திரும்பி நடு சீட்டைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, கையை நீட்டி அந்த சீட்டின் சாய்மானத்தைத் தொட்டேன். சத்தம் நின்றது. இன்ஜின் உறுமல் இல்லை, அதிர்வு இல்லை, வண்டி செத்துப்போய்க் கிடந்தது. அந்த அமைதியில், என் உள்ளங்கைக்குப் பின்னாலிருந்து, தகரத்தில் விரலால் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு வந்தது. டீசல் வண்டியாக இருந்தால் எனக்குக் கேட்டே இருக்காது.

"பாய், பீரோ" என்றேன்.

அன்சாரி எப்படி ஏறினார், எதை வைத்துக் கயிற்றை அறுத்தார் என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்தபோது யாழினி பெட்ஷீட் மேல் சுருண்டு கிடந்தாள், முகம் செக்கச்செவேல் என்று, தலையெல்லாம் தண்ணீரில் முக்கியது போல வியர்வை. தூக்கி வெளியே கொண்டுவந்தேன். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஓர் அம்மா ஓடிவந்து பாட்டில் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார். காவிரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மணல்தான், ஆனாலும் காற்று வந்தது. இரண்டு நிமிஷம், அது என் ஆயுசிலேயே நீளமான இரண்டு நிமிஷம், அப்புறம் கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றாள். அடுத்தது, "அடிக்காதப்பா" என்றாள். நான் பாலத்தில், அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதேன். அன்சாரி ஓரமாக உட்கார்ந்து, "அல்லா காப்பாத்திட்டான், நான்தானே சார் கதவை மூடினேன், அல்லா காப்பாத்திட்டான்" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு வண்டி ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பியது. மாம்பழச்சாலையில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். சூடுதான், நேரத்துக்கு எடுத்துவிட்டீர்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்டாள், அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அங்கிருந்து வீடு வரைக்கும் அவளை நடு சீட்டில் உட்கார வைத்து, பட்டும் படாமலும் பெல்ட் போட்டுக் கூட்டிப்போனேன்.

சுமதி தெருமுனையிலேயே நின்றாள். குழந்தையை வாங்கிக்கொண்டவள் கீழே விடவே இல்லை. என்னிடம் போனில் பேசியபோதே அடுப்பை அணைத்துவிட்டாளாம், பால் காய்ச்சவே இல்லை. மணி பதினொன்றே கால், நட்ட நடு ராகுகாலம். அவளே எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்தாள். பன்னிரண்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாமே என்று நான்தான் கேட்டேன். "எம்புள்ள வந்துட்டா. இதைவிட நல்ல நேரம் ஏதுங்க?" என்றாள். பால் பொங்கியது. அன்சாரிக்கு முதல் டம்ளர். அந்தப் பாலின் ருசி வேறு எந்தப் பாலிலும் எனக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் யாழினி, "இருட்டா இருந்துச்சு, சூடா இருந்துச்சு, அப்பறம் நான் முன்னாடி உக்காந்து வந்தேன்" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததைச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அன்சாரி போன் பண்ணினார். வண்டியை சர்வீசுக்கு விட்டு நடு சீட்டு சென்சாரைப் பார்க்கச் சொன்னாராம். மெக்கானிக் சீட்டைக் கழற்றியே காட்டியிருக்கிறார். அந்த மாடலில் நடு சீட்டுக்கு சென்சாரே கிடையாதாம், ஒரு வயர்கூடப் போகவில்லையாம்.

"அப்ப எது சார் கத்துச்சு?" என்றார்.

எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம், பிள்ளை கிடைத்தாள், அது போதும் என்றுதான் இருக்கிறேன். காலி சீட்டுக்கு நான் பெல்ட் போட்ட கதையைப் போன மாதம் வரை சுமதியிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் காலி சீட்டோடு விளையாடினேன் என்று எந்த வாயால் சொல்வது? அன்சாரியையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஆனால் போன மாதம் மைத்துனர் காரில் சமயபுரம் போனோம். யாழினிக்கு இப்போது ஏழு வயது. பின் சீட்டில் அவளுக்கு நான் பெல்ட் மாட்டப் போனபோது, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"மெதுவா போடுப்பா. அன்னைக்கு ரெண்டாவது தடவை ரொம்ப இறுக்கிட்ட, வயிறு வலிச்சுது. அதான் நான் கழட்டிட்டேன்."