பக்கத்து வீட்டு சிவில் சர்வன்ட்

வேண்டுமென்று நான் யாரையும் அவமானப்படுத்தியதில்லை. தெரியாமல் செய்தவை நிறைய. அதில் ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் இருப்புக் கொள்ளாமல் எழுந்து சமையலறைவரை நடந்துவிட்டு வருகிறேன்.

சென்னையிலிருந்து நியூ ஜெர்சிக்கு, மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் நான்காம் வகுப்பு. ஆளுக்கொரு பெரியவரைக் கூட்டிவந்து, அவர் பார்த்த வேலையைச் சொல்லி வகுப்பில் அறிமுகம் செய்ய வேண்டும். என் முறைக்கு முந்தின நாள் சாயங்காலம், வருவதாகச் சொல்லியிருந்த அத்தா, கிளையன்ட் மீட்டிங் என்று கையை விரித்துவிட்டார். நான் போட்ட கூச்சல் தாங்காமல் அம்மா பக்கத்து வீட்டு அங்கிளைக் கேட்டுவிட்டு வந்தார். அவர் மேற்கு ஆப்பிரிக்காக்காரர், ரிட்டயர் ஆனவர், பெருநாளுக்கு எங்கள் வீட்டுப் பிரியாணிக்கு வருகிறவர். ஈராக் யுத்தம் தொடங்கியதிலிருந்து மனுஷர் ஓரிடத்தில் உட்காரவில்லை. டிரைவ்வேயில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருப்பார்.

“அவர் என்ன வேலை பாத்தாரும்மா?”

“நியூயார்க்ல எல்லா நாட்டுக்கும் பொதுவா பெரிய ஆபீஸ் இருக்குல்ல, அங்க. இன்டர்நேஷனல் சிவில் சர்வன்ட்டி.”

சர்வன்ட்! வாராவாரம் சென்னைக்கு ஃபோன் போட்டு, “சர்வன்ட் வந்தாளா, பாத்திரம் தேச்சாளா?” என்று பெரியம்மாவிடம் அம்மா கேட்பாரே, அந்த சர்வன்ட். போன வாரம் ஒரு பையனின் அப்பா பைலட் யூனிஃபார்மில் வந்து அசத்திவிட்டுப் போயிருந்தார். நானோ வேலைக்காரரோடு போய் நிற்க வேண்டும்!

வேறு வழியில்லாமல் டிரைவ்வேயில் அவர் பின்னாலேயே நடந்து விசாரித்தேன். வெள்ளைக்காரர்கள் ஆப்பிரிக்காவில் ஒவ்வொரு நாடாக விட்டுக் கிளம்பிய காலமாம். முகம் பார்த்துப் பேசாத தலைவர்களுக்கு நடுவே இவர் அறைக்கு அறை காகிதம் கொண்டுபோவாராம். ஓட்டுப் பெட்டிக்குக் காவல் இருப்பாராம். சுதந்திரம் அடைந்த சொந்த நாடு வந்துவிடு என்று கூப்பிட்டதாம். எந்த ஒரு நாட்டின் உத்தரவுக்கும் கட்டுப்பட மாட்டேன் என்று சத்தியம் செய்து எடுத்த வேலை, பாதியில் விட மனசு வராமல் இருந்துவிட்டாராம். முதலாளி விடவில்லை என்று நான் புரிந்துகொண்டேன்.

மறுநாள் கடைசி பீரியட். அங்கிள் சூட்டும் டையுமாக நின்றார், அம்மா பின்வரிசையில். நான் மூச்சுவிடாமல் வாசித்தேன்: இவர் நாற்பது வருஷம் சர்வன்டாக இருந்தார், பெரிய மனிதர்களுக்குக் காகிதம் தூக்கினார், சொந்த நாடு கூப்பிட்டும் முதலாளி இவரை விடவில்லை.

டீச்சர் இருமினார். பாத்ரூம் கழுவினீர்களா என்று ஒரு பையன் கேட்க, வகுப்பே சிரித்தது. அங்கிள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு நாட்டில் கழுவியிருக்கிறேன் என்றார். சுதந்திரத்துக்கு மறுநாள் பழைய அதிகாரிகள் சாவியோடு கப்பலேறிவிட்டார்களாம். ஆபீஸைத் திறந்தாக வேண்டும், யாராவது கழுவத்தானே வேண்டும்? பிள்ளைகள் கைதட்டினார்கள். இவர் எப்போது உட்காருவார் என்று நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் ஏறியதும் அம்மா வெடித்தார். “என்னடி எழுதித் தொலைச்ச? சிவில் சர்வன்ட்னா நம்மூர் கலெக்டர் மாதிரிடி! மானத்த வாங்கிட்டியே!” பிறகு முன்சீட்டில் இருந்தவரிடம் இங்கிலீஷில் மன்னிப்பு மேல் மன்னிப்பு.

அவர் பரவாயில்லை என்றார். ஊரில் மந்திரியாகியிருந்த அவர் அண்ணன் எழுதிய கடைசிக் கடிதத்திலும் இதே வார்த்தைதானாம். சொந்த மண்ணுக்கு உதவாமல் ஊரான் வீட்டு சர்வன்டாகிவிட்டாய் என்று. பதில் எழுதுவதற்குள் அண்ணன் போய்விட்டாராம்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. என்னைப்போல இன்னொருவரும் தப்பு செய்திருக்கிறாரே! பின்சீட்டிலிருந்து எக்கி, உங்கள் அண்ணனுக்கும் அர்த்தம் தெரியாதா என்று கேட்டேன்.

தெரியும், நன்றாகவே தெரியும் என்றார் அங்கிள்.

சிக்னலில் பச்சை விழுந்தும் அம்மா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல், பச்சை பச்சை என்று நான்தான் கத்தினேன்.