ரெண்டு பேருக்கு ஒரு மொனிட்டர்

மிஹ்லார் என் கடைக்கு வந்தபோது கையில் ஒரு நூல் வைத்திருந்தான். அவனுடைய தங்கச்சி பஸ்மினாவின் தையல் மேசையை அளந்த நூல். அந்த மேசையில் வைக்க, கேம் விளையாடத் தோதான மொனிட்டர் ஒன்று வேண்டும் என்றான். பகலெல்லாம் கல்முனை - அக்கரைப்பற்று பஸ் ஓட்டுகிறவன், வீட்டுக்குப் போய்க் கொம்பியூட்டரில் கார் ஓட்டுவான். பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி என்பதால் இதைச் சொல்லியே அவனைக் கிண்டலடிப்பேன். அன்று அடிக்கவில்லை. அவனுக்கு விவாகரத்தாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தவன் மனைவியின் வீட்டில் போய்க் குடியிருப்பான். மிஹ்லார் நிந்தவூரில் மனைவி ஹாஜறாவின் வீட்டில் பதின்மூன்று வருஷம் இருந்தான். அங்கே மேல்மாடியில் ஒரு அறை கட்டினான். சீமெந்து குழைத்ததிலிருந்து பெயின்ற் அடித்தது வரை எல்லாம் அவன்தான். காதியார் முன்னிலையில் விவாகரத்து முடிந்ததும் உடுப்புப் பையோடும் கொம்பியூட்டரோடும் இறங்கி வந்தான். வரும் வழியில் ஓட்டோ குலுங்கியதில் பழைய மொனிட்டரின் திரை விரிசல் விட்டுப்போனது.

உம்மாவின் வீட்டுக்குப் போகலாமே என்றால், அது பஸ்மினாவுக்குச் சீதனமாக எழுதியாகிவிட்டது. வீட்டு உறுதிப் பத்திரம் எழுத ஓடித்திரிந்ததே இவன்தான். இப்போது நாற்பது வயதில் தங்கச்சி வீட்டு முன்னறையில், தையல் மெசினுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறான். நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நானும் என் தங்கச்சிக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், யாரைப் போய்த் திட்டுவது?

"ஒரு ஆளுக்கெண்டா இருபத்திநாலு இன்ச் காணும் மச்சான்," என்றேன். "நூத்தி அறுவத்தஞ்சு ஹேர்ட்ஸ் எடு. கார் திரும்பக்குள்ள படம் இழுபடாது."

"ரெண்டு பேருக்கு," என்றான்.

இரண்டாவது ஆள் அவனுடைய மகள் றுஸ்தா, பதினொரு வயது. சனிக்கிழமைகளில் வாப்பாவோடு இருக்கலாம் என்று பேச்சாகியிருந்தது. மாமி பஸ்மினாவின் வீட்டுக்கு வந்து அவள் என்னதான் செய்வாள்? வந்தால் தையலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னமே உம்மாவிடம் கொண்டுபோய் விடச் சொல்வாள். பிறகு பிறகு வருவதையே விட்டுவிட்டாள். முன்பு மாடியறையில் இரண்டு பேரும் திரையை மேலும் கீழுமாகப் பிரித்துக் கார் ஓட்டுவார்கள். அது மறுபடி நடந்தால் பிள்ளை வருவாள் என்று நம்பினான். வேறு எந்த நம்பிக்கையும் அவனிடம் மிச்சமிருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஹேர்ட்ஸ் எத்தனை என்று அவன் கேட்கவே இல்லை. வளைந்த திரையைக் காட்டினேன், அது நடுவில் இருப்பவனுக்குத்தான் என்று தள்ளிவிட்டான். இன்னொன்றுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு இடப்பக்கம் இருந்து பார்த்தான். பிறகு வலப்பக்கம் இருந்து, தலையைப் பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்த்திப் பார்த்தான்.

"இதுல அவளுக்கு மங்கலாத் தெரியும்."

கடைசியில் இருபத்தேழு இன்ச் ஐ.பி.எஸ். ஒன்றை எடுத்தான். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதில் நிறம் மாறாது. நூலை வைத்துப் பார்த்தோம், மேசைக்கு மட்டுமட்டாக வந்தது. திரையை முழு வெள்ளையாக்கிக் கொடுத்து, கறுப்புப் புள்ளி எங்காவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போனேன். கால் மணித்தியாலம் கழித்து வந்தால் அந்த வெள்ளையைத்தான் இன்னமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இரிக்கா?"

"என்ன?"

"புள்ளிடா."

"நான் பாக்கல்லயே மச்சான்," என்றான்.

றுஸ்தா வந்தாள். மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வந்தாள். தன் காக்கா மிஹ்லார் சிரித்ததைக் கண்டதாக பஸ்மினா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு மெத்தச் சந்தோசம். ஆனால் அது தையல் வீடு. அபாயாவுக்கு அளவு கொடுக்கப் பெண்கள் வருவார்கள். வந்தால் ஆம்பிளை அந்த அறையில் இருக்க ஏலாது. ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வாப்பாவும் மகளும் வெளியே வளவுக்குள் போய் நிற்பார்கள்.

நான்காவது சனிக்கிழமை றுஸ்தா கேட்டுவிட்டாள்.

"வாப்பா, இத நம்மட மாடியறையில வைச்சா என்ன? இங்க ஒவ்வொரு தரமும் எழும்ப வேண்டியிரிக்கி."

மிஹ்லார் நேரே என்னிடம் வந்தான். "கொம்பியூட்டரையும் சேத்துக் கொண்டுபோய்ப் பூட்டிக் குடு மச்சான்."

"நீ?"

"நான் எப்பிடி உள்ளுக்குப் போற? ஹாஜறா இப்ப எனக்கு அந்நியப் பொம்புளதானே."

"புள்ள பிறகு இங்க வராதுடா. விளங்குதா?"

"ஓம். கேட்டிட்டா. குடுக்கத்தானே வேணும்."

அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஓட்டோவில் நிந்தவூருக்குப் போனோம். அவன் கேற்றுக்கு வெளியே ஓட்டோவிலேயே இருந்துகொண்டான். ஹாஜறாவின் தம்பி என்னை மேலே கூட்டிப்போனான். எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டி முடித்ததும் றுஸ்தா கதிரையை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையைப் பிரிக்காமல் முழுசாக வைத்து ஓட்டிப் பார்த்தாள். பிறகு என்னோடு கேற்றடிக்கு ஓடி வந்தாள்.

"வாப்பா, நல்லா இரிக்கி! நீங்க இனிச் சனிக்கிழமையில என்னக் கூட்டிப் போக வந்து அலையத் தேவல்லதானே?"

"தேவல்ல மகள்."

அவள் வாப்பாவின் சிரமத்தை நினைத்துத்தான் கேட்டாள். ஸலாம் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

திரும்பும் வழியில் காரைதீவு போயிற்று, சாய்ந்தமருதும் போயிற்று. கல்முனைக்குக் கிட்ட வந்ததும் கேட்டான்.

"யன்னல் வெளிச்சம் திரையில படுதா?"

"இல்ல. யன்னலுக்குச் சீலை போட்டிரிக்கி."

"என்ன நிறம்?"

"நீலம்."

றோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் இரிக்கக்குள்ள சீலை இல்ல," என்றான்.