மாமா மாற்றிப் போட்ட ஓட்டு

அமெரிக்காவில் பேங்குகள் கவிழ்ந்த வருஷம் அது. அக்காவும் மாமாவும் கரடியூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கியிருந்த நேரம். இருவரும் அந்த நாட்டுக் குடிமக்களாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. கிளம்புவதற்கு முன்பே தபாலில் ஓட்டுப் போட்டுவிட்டதாக அக்கா சொன்னாள்.

அரசியலில் அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. மாமா அங்கே ஆண்டுகொண்டிருந்த கட்சியின் ஆள். தேர்தல் வந்தால் வீட்டு வாசலில் அதன் பலகையை நட்டுவிடுவார். அக்கா எதிர்க்கட்சி. போன தேர்தலில் இருவரும் பேசாமல் இருந்ததை ஃபோனில் என்னிடம் சொல்லி அலுத்துக்கொண்டாள்.

தேர்தல் முடிவு நமக்குக் காலையில்தான் வந்தது. என் கணவர் தோட்டத்துக்குப் போகாமல் டிவி முன்னாலேயே நின்றார். மாமாவின் கட்சி தோற்றது. அக்கா கைதட்டினாள்.

"ஏனுங்க, உங்க கட்சி மண்ணக் கவ்விருச்சுங்க. இப்ப என்ன சொல்றீங்க?"

மாமா தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "நானும் உன்ற கட்சிக்குத்தான் போட்டேன்" என்றார்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் வெளிறிவிட்டது. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க சும்மா மாத்திப் போடற ஆளில்லைங்க. என்ன நடந்துச்சு?"

"வேலை போயிருச்சு. கோடையிலயே போயிருச்சு."

அடுப்பில் தோசை கருகியது. வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் போய் அடுப்பை அணைத்தேன்.

"தினமும் காலையில டை கட்டிக்கிட்டுப் போனீங்களே?"

"லைப்ரரிக்குப் போனேன். அங்கிருந்துதான் வேலை தேடினேன். எங்கயும் ஆளெடுக்கலை."

என் கணவர் டிவியை அணைத்தார். மாமா என்னைப் பார்த்துப் பேசினார். அக்காவைப் பார்க்க முடியவில்லை போலும். "எங்க தெருவுல பாதி ஊடு கடன் கட்ட முடியாமப் பூட்டிக் கெடக்குது, கண்ணு. என்னோட சேந்து பலகை நட்டவங்க ஊடுங்கதான். இந்தத் தடவ ஒருத்தரும் நடலை. ஆபீஸ் நல்லா நடந்திருந்தா நானும் பழையபடியே போட்டிருப்பேன்."

பேச்சும் சண்டையும் கொள்கையும்தான் அத்தனை பெரிய தேசத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றன என்று நம்பியிருந்தேன். டிவியில் பார்த்த, ஜெயித்த கட்சியின் பெருங்கூட்டத்தில் எத்தனை பேர் மாமாவைப் போல வேலையில்லாமல் டை கட்டிக்கொண்டு கிளம்பியவர்களோ என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

அக்கா தன் வேலைக்காகத் தனியே திரும்பினாள். மாமா காப்பிப் பருவம் முடியும் வரை எங்களோடு இருந்து, களத்தில் கொட்டை காயவைத்தார். அங்கே அவர்களுடைய வீடும் கடனில் கையைவிட்டுப் போனது. அடுத்த வருஷம் மாமாவுக்கு அந்த நாட்டிலேயே வேறு ஊரில் சின்ன வேலை கிடைத்தது. அதற்கடுத்த தேர்தலிலும் அக்காவின் கட்சிக்கே போட்டாராம். இப்போதுதான் நிலைமை தேறுகிறது, இருக்கிறவர்களே இருக்கட்டும் என்றாராம்.

"இப்பவாச்சும் சந்தோஷமா அக்கா?" என்று ஃபோனில் கேட்டேன்.

"நொம்ப வருஷம் நாயம் பேசிப் பாத்தேன், கேக்கலை. வேலை போனதும் மாறிட்டாரு. இதுல நான் ஜெயிச்சேன்னு எப்படிச் சொல்றது?" என்றாள்.