நான் எறிந்த வாடகைப் படிவங்கள்

திரேசாவை அவள் வீட்டிலிருந்து கிளப்பியது நான்தான். அலுவலகம் அல்ல, சட்டம் அல்ல... நான்!

பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை. உங்களுக்கு அவளைத் தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ஜேர்மனியில், எங்கள் வுப்பர்டால் நகரில், தமிழ்ப் பூசை முடிந்ததும் எங்கள் சனம் தேநீருக்கு முன்னே என்னைத் தேடும். கைப்பைகளுக்குள் பிரிக்காத ஜேர்மன் கடிதங்கள் இருக்கும். நான் வாசித்துச் சொல்வேன். நான் சொன்னதுதான் கடிதம். ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை.

ஒருமுறை ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரியான உறையோடு வந்தார்கள். நகரசபையின் படிவம். என்ன வாடகை கட்டுகிறீர்கள், கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டிருந்தது. எல்லோரும் ஒரே வீட்டுக்காரரிடம் குடியிருப்பவர்கள். நானும் திரேசாவும் அப்படித்தான். அவரும் எங்கள் ஆள். அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கூரையைத் திருத்தினேன் என்று எல்லோருக்கும் வாடகையை ஏற்றியவர், எனக்கு மட்டும் ஏற்றவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை...

படிவம் வந்த செய்தி அறிந்து தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி, உந்தப் படிவத்தை ஒருத்தரையும் நிரப்ப விடாதேங்கோ. நான் அளவுக்கு மேலை கூட்டினது வெளியிலை தெரிஞ்சா வில்லங்கம். உங்கடை வாடகையை நான் இருக்குமட்டும் தொடமாட்டன்."

அறியாமல் செய்தேன் என்று நினைக்காதீர்கள்! படிவத்தோடு வந்த கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அரசின் உதவிப்பணத்தில் வாழ்பவர்களுக்காக அலுவலகம் எவ்வளவு வாடகைவரை கட்டலாம் என்ற வரம்பை, இந்தப் பதில்களையும் பார்த்துத்தான் போடுவார்களாம். வாசித்தேன். விளங்கியது. திரேசா உதவிப்பணத்தில் இருப்பதும் தெரியும். ஹோட்டல் சலவை வேலையில் முதுகு போய், வேலையை விட்டவள் அவள்.

"இது சும்மா விளம்பரம். தாங்கோ, எறியிறன்," என்றேன்.

எல்லோரும் தந்தார்கள். திரேசாவும் தந்தாள். "நல்லகாலம் அக்கா, நீங்கள் இருக்கிறியள்," என்றாள்.

ஏழெட்டுக் காகிதம் ஒரு நகரத்தின் கணக்கை மாற்றுமா என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்டு என்னைத் தேற்றிப் பார்த்தேன்! முப்பது வருடப் பழைய வாடகையில் இருக்கும் ஜேர்மன் கிழவர்கள் ஒழுங்காக நிரப்பி அனுப்பியிருப்பார்கள். ஏறிய வாடகை கட்டும் எங்கள் சனமோ வாய் திறக்கவில்லை. புது வரம்பு வந்தபோது, வெளி வாடகை மேலே எங்கேயோ, அது கீழே எங்கேயோ. அதில் என் பங்கு எவ்வளவு? தெரியாது... அதுதான் வதை.

திரேசாவுக்கு உதவிப்பண அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என்னிடம்தான் கொண்டுவந்தாள். அவளுடைய வாடகை வரம்புக்கு மேலாம். ஆறு மாதத்துக்குள் மலிவான வீடு பார்க்க வேண்டுமாம், இல்லையென்றால் மிச்சத்தை அவளே கட்ட வேண்டுமாம். அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். சீ!

"எல்லாரும் இப்ப கூடுதலாத்தானே கட்டுறம். உவையளுக்கு அது தெரியாதோ அக்கா?"

"தெரியாதாக்கும்," என்றேன்.

அவள் பக்கத்து நகரமான ஹாகனுக்குக் குடிபோனாள். மறுமாதமே எனக்கு வாடகை ஏறியது. பதைபதைத்துப் போய்க் கேட்டேன்.

"நான் அப்பிடிச் சொன்னனானோ? எழுத்திலை கிடக்கோ தங்கச்சி?" என்று சிரித்தார் அண்ணை.

ஊருக்கெல்லாம் கடிதம் வாசித்தவள் ஒரு வரி எழுதி வாங்கவில்லை! நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாரே என்று வயிறு எரிகிறது. ஆனால் யாரிடம் சொல்லி அழ? அவர் எனக்குச் செய்ததைச் சொன்னால், நான் திரேசாவுக்குச் செய்ததையும் சொல்ல வேண்டுமே...

போன கிழமை அவளைப் பார்க்கப் போனேன். லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி. அந்த முதுகோடு ஏறி இறங்குகிறாள். சோறு போட்டாள். புறப்படும்போது வீட்டின் மற்றச் சாவியை என் கையில் வைத்தாள்.

"விழுந்து கிழுந்து கிடந்தா ஆரும் திறந்து பாக்க வேணுமெல்லோ அக்கா. உங்களை விட்டா நான் ஆரை நம்புறது?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது...

"ஓம்," என்று மட்டும் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.