இங்கிலீஷில் கேட்டால்தான் தண்ணீர்

ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசிக்கொண்டிருக்கிறேன். ஒரு பூச்சு காய்கிற நேரத்தில் நாலு வரி எழுதுகிறேன். தாளில் கறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் டீச்சருக்குத் தொண்டை கட்டும், படிக்க வருகிறவர்களுக்கு வாய் கட்டும், ஆயாவுக்கு வசவு விழும்.

திருநகரில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் வகுப்பு. சாயங்காலம் பன்னிரண்டு பேர் வருவார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். பெருக்குவது, பெஞ்சு போடுவது, தண்ணீர் வைப்பது என் வேலை. ஏழு மாதக் குழந்தை கலாவுக்கு அடுப்படியில் தூளி கட்டிக்கொள்ள டீச்சர் இடம் கொடுத்தார். புது ஆளோடு நிமிர்ந்து பேசினால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் டீச்சர் அந்தச் சட்டத்தைப் போட்டார்: தண்ணீரோ சாக்பீஸோ கக்கூஸ் சாவியோ, எதுவானாலும் இங்கிலீஷில் கேட்டால்தான் நான் கொடுக்க வேண்டும். "சரியா தப்பான்னு நீ பார்க்க வேண்டாம் செல்வி. தமிழ்ல கேட்டா மட்டும் கொடுத்துராதே" என்றார். ஏவின வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், எடுத்துக் கொடுப்பது சுலபம்; முடியாது என்று சொல்வதற்குத்தான் தனித் தைரியம் வேண்டும்.

தபால் ஆபீஸ் சார்

முதல் நாள் மாட்டியவர் தபால் ஆபீசில் வேலை பார்க்கிற சார். வயது நாற்பத்தைந்து இருக்கும். டவுனிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர், "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்றார். நான் பானை மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து, "சார், இங்கிலீஷ்ல..." என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

புரிந்ததும் அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "ரெஸ்பெக்டட் மேடம்" என்று ஆரம்பித்தார். பணிவாக என்னென்னவோ வேண்டிக்கொண்டு "தாங்கிங் யூ" என்று முடிக்கிறவரை நான் ஊற்றிக்கொண்டே நின்றதில் சொம்பு நிரம்பி என் கால் நனைந்துவிட்டது. குடித்து முடித்து அவர் சொன்னார்: "இருபது வருஷமா தாள்லயே எழுதிப் பழகிட்டேம்மா, வாயால கேட்குறது எப்படின்னு மறந்துபோச்சு."

சாவி

கப்பலூரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர், வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவர். ஒருநாள் பாதியில் எழுந்து ஓடிவந்தார். சாவி கேட்கிற வாக்கியத்தை அன்றைக்குத்தான் பத்துத் தடவை எல்லோருமாகச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு வரவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். நான் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு சுவரைப் பார்த்தேன். கடைசியில் "கீ!" என்று ஒரு சத்தம் போட்டார். கொடுத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து பன்னிரண்டு பேரும் "வாட்டர்!", "சாக்!" என்று போலீஸ்காரர் மாதிரி அதட்ட ஆரம்பித்தார்கள். வசவு எனக்கு. பட்டறை அண்ணன்தான் எழுந்து பரிந்து பேசினார்: "அக்காவைத் திட்டாதீங்க டீச்சர், அவசரத்துல எனக்கு இம்புட்டு இங்கிலீஷ்தான் வரும்."

ஒரு மாத நோன்பு

மெகர் கோரிப்பாளையத்துப் பெண். இருபது வயது. கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் எடுக்கிற வேலைக்கு இன்டர்வியூ வரப்போகிறது. அது கிடைக்காவிட்டால் மேலூர் மாப்பிள்ளைக்கு நிக்காஹ் பேசி முடித்துவிடுவேன் என்று அவள் அத்தா சொல்லிவிட்டாராம். இவ்வளவையும் குழாயடியில் என்னிடம் மூச்சுவிடாமல் தமிழில் சொன்னாள். வகுப்பில் மட்டும் ஒரு வார்த்தை வராது. டீச்சர் எழுப்பிவிட்டால் நிற்பாள். உட்காரச் சொன்னால் உட்காருவாள்.

தண்ணீரும் கேட்கமாட்டாள். "நோன்புக்கா" என்பாள். ரம்ஜானுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஒரு மாதம் முழுக்க உதடு காயக் காய வந்து போனாள். மூடியைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்கிறவள் நானாயிற்றே. மனசு கேட்காமல் ஒருநாள் டீச்சருக்குத் தெரியாமல் டம்ளரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "வேணாங்க்கா, இதைத் தமிழ்ல வாங்கிக் குடிச்சா அந்த வேலையும் அப்படியே போயிரும்."

தூளிப் பக்கம்

ஒரு சாயங்காலம் நான் படி பெருக்கிக்கொண்டிருந்தபோது கலா அழுதாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் மெகர் தூளியை ஆட்டிக்கொண்டே இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் பேர், தெரு, அத்தாவின் கடை, தங்கைகள் எத்தனை பேர், எல்லாம். தடங்கலே இல்லை. கலா விரலைச் சூப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சத்தம் காட்டாமல் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அதிலிருந்து தினமும் "மெகரு, புள்ளயக் கொஞ்சம் பாரேன்" என்று கூப்பிட்டுவிடுவேன். நாலாம் நாள் டீச்சர் வந்து என் பக்கத்தில் நின்றார். படிக்க வந்த பெண்ணை என் பிள்ளையைப் பார்க்க வைத்திருக்கிறேனே, வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். டீச்சர் கொஞ்ச நேரம் கேட்டார். "ஒரு மாசமா நான் கத்துறேன், வாயே திறக்கலை. பல்லு முளைக்காததுகிட்ட என்னமாப் பேசுறா பாரு! விடு, பேசட்டும்."

இன்டர்வியூ

அவள் அத்தாவால் கடையை விட்டு வர முடியவில்லை. "நீங்க வாங்கக்கா" என்றாள். கலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். உள்ளே அவளை உட்கார வைத்தார்கள், என்னைக் கதவோரம் நிற்கச் சொன்னார்கள். மேனேஜர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மெகர் அவர் முகத்தைப் பார்த்தாள், வாய் பூட்டிக்கொண்டது. திரும்பவும் கேட்டார். எனக்காவது ஏதாவது சொல்லத் தெரிய வேண்டுமே. நான் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அவர் ஃபைலை மூடினார். அந்நேரம் கலா "ங்கா" என்றாள். மெகர் திரும்பினாள். கலாவைப் பார்த்தபடியே பேர், தெரு, படிப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். மேனேஜர் கேட்பார், அவள் கலாவுக்குப் பதில் சொல்லுவாள். அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். போனது போனதுதான் என்று நான் பையை எடுத்தேன். மேஜைமேல் டெலிபோன் அடித்தது. மெகர் எடுத்தாள். இரண்டு நிமிஷம் பேசினாள், அவ்வளவும் இங்கிலீஷ்.

அடுத்த அறையிலிருந்து போன் போட்ட மேனேஜர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "போன்ல பேசுறவங்க முகம் யாருக்கும்மா தெரியப்போகுது? ஒண்ணாம் தேதி வந்துருங்க. பாப்பா வர வேணாம்."

இத்தனையும் பார்த்தபிறகு எனக்குப் பட்டது இதுதான்: பேச வராதவர்களுக்கெல்லாம் பழியைப் போட இங்கிலீஷ் என்று ஒன்று இருக்கிறது, தமிழிலேயே வாய் திறக்காத என்னைப் போன்றவர்கள் அதை எதன்மேல் போடுவது என்று யோசித்தால், இதோ டீச்சர் கூப்பிடுகிறார், "செல்வி, கீழே யாரோ புதுசா சேர வந்திருக்காங்க, போய்ப் பேசி உக்கார வை", வாரேன் டீச்சர், போய் என்னத்தைப்