விமானியின் விரல்

எண்பதுகளில் விழுப்புரம்–திண்டிவனம் பஸ்ஸில் தினம் போவேன். விக்கிரவாண்டி என் ஊர். தூக்கத்தில்கூடச் சரியாக இறங்கிவிடுவேன்.

ஒருநாள் பக்கத்தில் ரிட்டயரான விமானி. நரைத்த கிராப்பு, உள்மணிக்கட்டில் கடிகாரம். ஸ்டாப்பிங் நெருங்கினால் பேச்சை நிறுத்தி வெளியே பார்ப்பார்.

"அவ்ளோ பெரிய பிளேன் எப்படிங்க வழி தப்பும்?" என்றேன்.

விரலை உயர்த்தினார். பஸ் நின்று, ஆட்கள் இறங்கி, கிளம்பிய பிறகே விரலை இறக்கினார்.

"பேசிக்கினே கருவில தெச நம்பர தப்பா வெச்சுடுவோம். கடல் தெரிய வேண்டிய எடத்துல மலை வந்து நிக்கும்."

"தினம் போற ரூட்லயுமா?"

"அதுலதாங்க ஜாஸ்தி. நீங்க விக்கிரவாண்டிக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க? அது போயிடுச்சே."

நான் இறங்குவதற்காக வாயை மூடினாரா, இறங்குகிறேனா என்று பார்த்தாரா? கேட்க வாயைத் திறந்தேன். அடுத்த ஸ்டாப்பிங் வந்தது, விரல் உயர்ந்தது. பேசாமல் இறங்கினேன்.