செடிக்குக் கொடுத்த கேஸ்

திருக்காட்டுப்பள்ளி ஜெய்னுலாபுதீன் சவுதியில் ஒரு வெள்ளரிக்காய்ப் பண்ணையில் எட்டு வருடம் இருந்துவிட்டு, தொண்ணூற்றாறில் ஊர் திரும்பினார். விடிந்ததும் கண்ணாடிக் கூடாரத்துக்குள் சிலிண்டர் வால்வைத் திறப்பதுதான் அங்கே அவர் வேலை. மேஸ்திரி "கேஸ்" என்பான், இவர் திறப்பார். என்ன கேஸ் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுமே!

ஊர் டீக்கடையில் மட்டும் வாய் ஓயாது. "அங்க செடிக்கு கேஸ் குடுத்துத்தான் வளக்கிறது. சாண் செடி முழம் போடும்." ஊரார் 'கேஸ் பாய்' என்று பேர் வைத்தார்கள். மனிதருக்கு அதில் பெருமை வேறு.

அதை நம்பித்தான் உள்ளூர் விவசாயி துரைராசு வந்தார். வயலோரம் மிளகாய் நாற்று விட்டு, மேலே பிளாஸ்டிக் தாளைக் கூடாரமாகக் கட்டியிருந்தார்.

"பாய், நம்ம நாத்துக்கும் கொஞ்சம் குடுங்க. ஆத்துல தண்ணி வராம நெல்லு போச்சு. இதத்தான் நம்பியிருக்கேன்."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைதான் அவர் வாயில் வராதே. மனைவி சஃபியா வெளியே போன நேரம் பார்த்து, வீட்டு அடுப்பு சிலிண்டரை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கூடாரத்துக்குள் திறந்துவிட்டார்.

துரைராசு பீடியும் வாயுமாக நாற்றைப் பார்க்க வந்தார். தீப்பெட்டியை எடுத்ததும் ஜெய்னுலாபுதீனுக்கு உயிரே போய்விட்டது.

"பத்த வைக்காதீங்க! உள்ள இருக்கிறது அடுப்பு கேஸ்!"

"செடிக்கு அடுப்பு கேஸா பாய்?"

ஜெய்னுலாபுதீன் ஓடிப்போய் வால்வை மூடினார். இருவருமாகத் தாளைப் பிய்த்து எறிந்தார்கள். மூடி வளர்த்த நாற்று மதிய வெயிலில் சுருண்டுபோனது.

மறுநாள் ஜெய்னுலாபுதீன் விவசாய ஆபீசுக்குப் போய், சவுதியில் தான் திறந்துவிட்டது என்ன கேஸ் என்று விசாரித்தார்.

"அது கரியமில வாயு பாய். நாம வெளிய விடுற மூச்சுல இருக்கே, அதுதான். வெயில்ல செடி அத இழுத்துத்தான் வளருது."

வெட்கம் பிடுங்கித் தின்றது. டீக்கடைப் பக்கமே போகாதவரைத் துரைராசுதான் கையைப் பிடித்து இழுத்துப் போனார். அங்கே ஒருவர் கேட்டுவிட்டார்.

"என்ன துரைராசு, நாத்து போச்சாமே? கேஸ் பாய் என்ன செஞ்சாரு?"

"பாய் சரியாத்தான் செஞ்சாரு. நான்தான் அவசரப்பட்டுத் தாளைப் பிரிச்சுட்டேன்."

நாற்றை இழந்தவரே பழியையும் எடுத்துக்கொண்டார். ஜெய்னுலாபுதீன் கூனிக் குறுகிப்போனார். டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

"இல்லப்பா. நான் வெறும் வால்வு திறந்தவன். அது என்ன கேஸுன்னே எனக்குத் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.